வாரியம் தந்த கறுப்புக் கண்ணாடி

சகாதேவனுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டிருந்தால் மலைச்சரிவில் மேய்கிற ஆட்டுக்குக் கொம்பு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவான். கழற்றிவிட்டால் மலையே இருக்கிறதா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும். இப்படிப்பட்டவனை வானத்தில் பறப்பதற்கு எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று பின்னால் பலரும் கேட்டார்கள். நேர்காணலில் எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. கிராமத்து இளைஞர்களை உயர்த்துவது என்று முடிவெடுத்து, அதற்காக மிதவை விமான வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். உயர்த்துவதற்கு எஞ்சின் வைத்தால் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கும் என்பதால் எஞ்சின் இல்லாத கிளைடர் போதும் என்றார்கள். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில் எதுவும் விளையாத ஒரு மேட்டு நிலத்தைச் சமன்படுத்தி, தகரக் கொட்டகை போட்டு, பெயர்ப்பலகை நட்டார்கள். பலகை கிளைடரின் ஒரு பக்க இறக்கை நீளத்துக்கு இருந்தது. ஒரு பழைய லாரி எஞ்சினில் இரும்புக் கயிற்றைச் சுற்றி, பட்டம் விடுவதுபோல் கிளைடரை இழுத்து மேலே ஏற்றுவார்கள். உயரம் போனதும் கயிற்றை விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து கிளம்புகிற சூடான காற்றுதான் தாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த ஒன்றுக்கு மட்டும் பஞ்சம் இருந்ததில்லை.

சகாதேவன் மணிலா, அதாவது நிலக்கடலை, விவசாயக் குடும்பம். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கிடைத்த தற்காலிக வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிலத்தை அண்ணன் காசி பார்த்துக்கொண்டார். வாரியத்தில் தனியாகப் பறந்து சான்றிதழ் வாங்குகிறவனுக்கு உதவிப் பயிற்றுநர் வேலை, நிரந்தரமாக. ஆனால் முப்பது வயது முடிவதற்குள் பறந்துவிட வேண்டும். சகாதேவனுக்கு முப்பது முடிய ஓராண்டுக்கும் கம்மியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று கேட்பவர்களிடம் அவன் மனைவி தனத்தின் அப்பா, இப்போதைக்கு ஆகாயத்தில் இருக்கிறார், சீக்கிரம் நிலைத்துவிடுவார் என்று சொல்லி வந்தார்.

பயிற்றுநர் அருணகிரி விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். பின்சீட்டில் உட்கார்ந்து பயிற்சி கொடுப்பார். சகாதேவனுக்குக் கையில் நல்ல பக்குவம் இருக்கிறது, பருந்து வட்டமிடுகிற இடத்தைப் பார்த்து அங்கே போய்ச் சேர்ந்துகொள்கிறான் என்று அவரே காசியிடம் ஒருமுறை சொன்னார்.

காற்றுக்காலத்தில் மேற்குக் காற்று அடிக்கும். காற்றை எதிர்த்துத்தான் தரையிறங்க வேண்டும் என்பதால் மலையைப் பார்த்து இறங்க வேண்டும். மாலையில் சூரியனும் அந்தப் பக்கம்தான் இருக்கும். அப்படி ஒருநாள் இறங்கும்போது அருணகிரி பின்னாலிருந்து சட்டென்று கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டார். கிளைடர் ஒரு துள்ளுத் துள்ளித் தரையைத் தொட்டது.

"எதிர்ல கரண்ட்டுக் கம்பி போச்சே, பாத்தியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார். ஒரே வெளுப்பா இருந்திச்சு."

"அப்ப உன்னத் தனியா அனுப்ப மாட்டேன்."

ஆனால் அதோடு அவர் விட்டுவிடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அவனுடைய பவரிலேயே கூலிங் கிளாஸ் போட வேண்டும். ரொம்பக் கறுப்பாக இருந்தால் மலை நிழலுக்குள் போகும்போது குருடாகிவிடும், அதனால் நடுத்தரமான பழுப்பு. பழுப்பில் தூசிப் புகைக்குள்ளும் மேக விளிம்பு தெரியும். காதுப்பக்கக் கம்பி மெல்லிசாக இருக்க வேண்டும், பட்டையாக இருந்தால் பக்கத்தில் வருகிறது தெரியாது. தண்ணீர்ப் பளபளப்பை வெட்டுகிற புது மாதிரி ஒன்று வருகிறது, அது வேண்டாம், கிளைடர் மூடியின் பிளாஸ்டிக்கில் கோடு கோடாகத் தெரியும்.

சகாதேவன் தேரடி வீதியில் தருமனின் கண்ணாடிக் கடைக்குப் போனான். தருமன் மதராசுக்குச் சொல்லியனுப்பிக் கண்ணாடி வரவழைத்துக் கொடுத்தார். உச்சி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் இறங்கியபோது கோபுரத்தின் பொம்மைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அவன் நெற்றி சுருங்கவில்லை. அன்று மாலை அருணகிரியோடு பறந்தான். சூரியனுக்கு நேராகத் திரும்பினான். கம்பி தெரிந்தது. கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி தெரிந்தது. கம்பிக்கு அப்பால் ஏரிக்கரையில் யாரோ ஒரு பெண் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்ததும் தெரிந்தது. பின்சீட்டில் அருணகிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இறங்கி வந்து, வருகிற வாரம் நீ தனியாகப் போகலாம் என்றார்.

அதை வாரியத்தின் செயலாளர் தசரதன் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பட்டுப்பூச்சித் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். பதவியின் கண்ணியம் கருதி ஒருநாளும் கிளைடரில் ஏறியதில்லை. சகாதேவனைக் கூப்பிட்டு, மூக்கின்மேல் என்ன என்று கேட்டார். சொந்தக் கண்ணாடி என்றான்.

"அதாம்ப்பா பிரச்சனை. கிளைடர் அரசாங்கச் சொத்து. கண்ணாடி தனியார் சொத்து. ரெண்டும் ஒண்ணா ஆகாயத்துல இருந்து கீழ விழுந்திச்சுன்னா, எது எதை ஒடச்சதுன்னு யாரு தீர்மானிக்கிறது?"

இத்தனை நாள் வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பறந்தேனே என்று சகாதேவன் கேட்டான். வெள்ளைக் கண்ணாடி ஊனத்துக்கு உதவி, அதனால் உடம்பில் ஒரு பகுதி. கலர்க் கண்ணாடி அலங்காரம் என்று தசரதன் விளக்கினார். பாதுகாப்புக்குத் தேவை என்றால் வாரியமே வழங்கும், அதற்கு ஒரு குழு போடலாம் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார்.

குழு போடப்பட்டது. தசரதன் தலைவர். வேலூரிலிருந்து கண் டாக்டர் சந்திரகலா நிபுணர். ரைஸ்மில் வைத்திருந்த அப்பாதுரை பொதுமக்கள் பிரதிநிதி. ஓடுபாதைக்குப் பக்கத்தில் அவருக்கு நிலம் இருந்ததால், எது விழுந்தாலும் முதலில் பாதிக்கப்படும் பொதுமக்கள் அவர்தான். பறக்கிறவர்கள் யாரும் குழுவில் இல்லை. பயனாளியைக் குழுவில் சேர்த்தால் சுயநலம் வந்துவிடும் என்றார்கள். சகாதேவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும்.

முதல் கூட்டம் பெயருக்கே போய்விட்டது. கூலிங் கிளாஸ் என்று எழுதினால் தமிழ் வளர்ச்சிக்கு விரோதம். குளிர்கண்ணாடி என்றார் தசரதன். தனக்கு சைனஸ் இருக்கிறது, குளிர்ச்சி என்று பெயரிலேயே இருந்தால் தலை கனக்கும் என்றார் அப்பாதுரை. மாலைவரை பேசி, கண் வெயில் தணிப்பி என்று முடிவு செய்து வடை சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் நிறம் வந்தது. பழுப்பு என்று அருணகிரி எழுதிக் கொடுத்திருந்தார், அது சரிதான் என்றார் டாக்டர். தசரதன் கதவைச் சாத்தச் சொன்னார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலும் பெரியவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த காலம் அது. எந்தச் சாயல் எந்தப் பக்கம் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"டாக்டரம்மா, நீங்க கண்ணை மட்டும் பாக்கறீங்க. நான் ஆட்சியைப் பாக்கணும். பழுப்பை வாங்கி வெச்சு, அடுத்த தேர்தல்ல கறுப்பு வந்துட்டா என் கதி இன்னா?"

நடுநிலை காப்பது என்று தீர்மானமாயிற்று. இடக்கண்ணுக்குக் கறுப்பு, வலக்கண்ணுக்குப் பழுப்பு. இடமா வலமா என்பதிலும் அரசியல் இருப்பதாக அப்பாதுரை சந்தேகப்பட்டார். அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

பிறகு வெயிலை ஆராய்வது என்று புறப்பட்டார்கள். திருவண்ணாமலையில் வெயில் தரைமட்டத்தில்தான் கிடைக்கிறது, பறக்கிறவனுக்கு வேண்டியது உயரத்து வெயில் என்று குழு கொடைக்கானலுக்குப் போனது. குடும்பத்தோடுதான் போனார்கள், கண் எல்லாருக்கும் இருக்கிறது. போன நாளெல்லாம் அங்கே மூடுபனி. உயரம் கூடக்கூட வெயில் குறைகிறது, ஆகவே விமானிகளுக்கு வெயில் ஒரு பெரிய பிரச்சினை இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். ஆனாலும் ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டதால் கண்ணாடியை வாங்குவது என்று முடிவாயிற்று.

இதற்குள் காற்றுக்காலம் போய் மழைக்காலம் வந்து அதுவும் போய்விட்டது. சகாதேவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தற்காலிக வேலையை விட்டிருந்தான். காசி மணிலா பிடுங்க ஆள் கிடைக்காமல் தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தார். குழு எப்போது கூப்பிடும் என்று தெரியாது, நான் இல்லாத நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவன் போகவில்லை. அண்ணனும் தம்பியும் சில நாள் பேசிக்கொள்ளவில்லை.

கடைசிக் கூட்டத்தில் பவர் வந்தது. மாதிரிக் கண்ணாடிகளைத் தட்டில் வைத்துக் குழு உறுப்பினர்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றைப் போட்டதும் தசரதனின் முகம் மலர்ந்தது. மேசையிலிருந்த காகிதத்தை எடுத்துப் படித்தார். எழுத்து பளிச்சென்று தெரிகிறது, இதுதான் சரியான கண்ணாடி என்றார். அது வயதானவர்கள் படிப்பதற்குப் போடுகிற பிளஸ் பவர், சகாதேவனுக்கு வேண்டியது மைனஸ், இதைப் போட்டால் அவனுக்கு இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். தசரதன் கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார்.

"மைனஸ்னா குறைச்சல்னு அர்த்தம். அரசாங்கம் மக்களுக்குக் குறைச்சலைக் குடுத்திச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் மேடையில பேசுவான். நம்ம குடுக்கறது எதுவா இருந்தாலும் பிளஸ்ஸாத்தான் இருக்கணும். அதுவும் எல்லாருக்கும் ஒரே பவரா இருக்கணும். ஒருத்தனுக்கு மட்டும் தெரியறது சமத்துவம் இல்லீங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியாம இருந்தா, அதுல ஒரு நீதி இருக்குது."

அப்பாதுரை கைதட்டினார். டாக்டர் வெளியே வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றார். சகாதேவன் எழுந்தான்.

"என் வீட்டுக்காரரு வேலூர்ல வேலை பாக்கறாரு. பசங்க அங்க படிக்கிறாங்க. என்னைத் தூக்கி எங்கியாவது போட்டுட்டா கஷ்டம். நான் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். பிறகு, "நீங்க அதைப் போட்டுக்கினு மட்டும் பறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கண் வெயில் தணிப்பி வழங்கும் விழா சகாதேவனுக்கு முப்பது முடிவதற்குச் சற்று முன்னால் நடந்தது. பந்தல் போட்டு, நாயனம் வைத்து, வேலூரிலிருந்து பெரிய அதிகாரிகளை அழைத்திருந்தார்கள். தணிப்பியை அணிந்து அன்றே தனியாகப் பறந்து காட்டுகிறவனுக்கு மேடையிலேயே சான்றிதழ். பறக்கச் சரி என்று கையெழுத்துப் போட அருணகிரி மறுத்துவிட்டார். குழு அனுமதித்த பறப்புக்குப் பயிற்றுநரின் கருத்து தேவையில்லை, கிளம்பும்போது கிளைடர் சாயாமல் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்றார்கள். நின்றார்.

தனமும் காசியும் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சகாதேவனின் மூக்கில் தசரதன் தம் கையாலேயே கண்ணாடியை மாட்டினார். நாயனம் ஒலித்தது. ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் பழுத்து, உலகமே கஞ்சி மாதிரி குழைந்து போயிற்று. சகாதேவன் கைதட்டல் வந்ததாக நினைத்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டான். அது தண்ணீர்த் தொட்டியின் பக்கம். கூடப் பயிற்சி பெறுகிற சுப்பிரமணிதான் கையைப் பிடித்துக் கிளைடரில் உட்கார வைத்தான். இறக்கை முனையைப் பிடிக்கப் போகிற வழியில் அருணகிரி குனிந்து, பையில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றான்.

கயிறு இழுத்தது. உயரம் போய்க் கயிற்றை விட்டதும், தணிப்பியைக் கழற்றி மடியில் போட்டுவிட்டுத் தருமன் கொடுத்த கண்ணாடியை எடுத்து மாட்டினான். மலை திரும்பி வந்தது.

அவன் வாழ்க்கையில் அதுபோல் ஒன்று நடந்ததில்லை. பின்சீட்டு காலி. காற்றின் சத்தம் மட்டும். தெற்குச் சரிவில் பாறைகள் காய்ந்திருந்த இடத்துக்கு மேலே பருந்துகள் சுற்றின; அவனும் போய்ச் சேர்ந்தான். அவை ஒதுங்கி இடம் விட்டன. கோயிலின் பிரகாரங்கள் பெட்டிக்குள் பெட்டியாகத் தெரிந்தன. செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்கள் ஆசிரம வாசலில் நின்று கையாட்டினார்கள். வேண்டிய மட்டும் சுற்றிவிட்டு, சூரியனுக்கு நேராகத் திரும்பி, கம்பியைப் பார்த்துத் தாண்டி, பந்தலுக்கு முன்னால் தட்டில் தட்டு வைப்பதுபோல் இறக்கினான். நிற்பதற்குள் கண்ணாடியை மாற்றிக்கொண்டான்.

மேடையில் சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மங்கலாகத் தெரிந்தாலும் அது தனம்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. தசரதன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கண்ணாடியைக் குறை சொன்னவங்க இருக்காங்க. படிச்சவங்களே சொன்னாங்க. நான் ஒண்ணுதான் சொன்னேன். பார்வைங்கறது கண்ணுல இல்ல, ஒழுங்குல இருக்குது. இன்னிக்கி நிரூபணம் ஆயிடுச்சி. நாளைக்குக் காலையில பயிற்சி எடுக்கற மத்தவங்களும் இதையே போட்டுக்கினு தனியாப் பறப்பாங்க. முதல்ல சுப்பிரமணி."

சுப்பிரமணிக்குக் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. விழாவுக்கு முன்பு அதைப் போட்டுப் பார்த்துவிட்டு மேடைப் படியில் முட்டிக்கொண்டிருந்தான். பையில் ஒளித்து எடுத்துப்போக அவனிடம் வேறு கண்ணாடி எதுவும் இல்லை. கழற்றி வைத்துவிட்டுப் பறக்கிற துணிச்சலும் அவனுக்கு வராது, சொன்னதைச் செய்கிற ஆள். பந்தலின் ஓரத்தில் அவன் மனைவி இடுப்பில் ஒரு குழந்தையோடும் கையில் ஒரு குழந்தையோடும் நின்றிருந்தாள். தன் வீட்டுக்காரர் பெயரை மைக்கில் சொன்னதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சகாதேவன் சான்றிதழைப் பார்த்தான். சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தான். காலும் படியை நோக்கித் திரும்பியது. பிறகு மைக்கிடம் போனான். பையிலிருந்து பழுப்புக் கண்ணாடியை எடுத்து அதிகாரிகளின் மேசைமேல் வைத்தான்.

"நான் இத்தப் போட்டுக்கினுதாங்க பறந்தேன். அத்தப் போட்டுக்கினா ஒண்ணும் தெரியாது. நாளைக்கு அவனை ஏத்தாதீங்க, செத்துடுவான்."

நாயனக்காரர்கள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒரு துண்டு வாசித்து நிறுத்தினார்கள்.

விசாரணை வேலூரில் நடந்தது. விசாரணை முடியும்வரை பறப்பு கூடாது என்று உத்தரவு வந்ததால் சுப்பிரமணி ஏறவில்லை. கொஞ்ச நாளில் அவன் பஸ் கண்டக்டர் வேலைக்குப் போய்விட்டான். இந்தக் கதையில் நல்லது என்று நடந்தது அது ஒன்றுதான். அருணகிரிக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. பெட்டியோடு மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, நீ இறக்கினது நல்லா இருந்திச்சு என்று மட்டும் சொன்னார். பறப்பே இல்லாததால் வாரியத்தில் விபத்தும் இல்லாமல் போயிற்று. அதற்காகத் தசரதனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள், பிறகு பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

சகாதேவனின் விஷயம்தான் இழுத்தது. முடிவு தெரியாமல் பலமுறை வேலூருக்கு அலைந்தான். முப்பதும் முடிந்துவிட்டது. கடைசியில் ஓர் அதிகாரி உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனிதர், டீ கூட வரவழைத்தார். ஆணையைப் பொறுமையாக விளக்கினார். புறப்பட்டபோது சகாதேவன் வாரியக் கண்ணாடி அணிந்திருந்தான், ஆகவே புறப்பாடு செல்லும். தரையிறங்கியபோது அணிந்திருந்தது தனியார் கண்ணாடி, ஆகவே அந்த இறக்கத்தை வாரியம் அங்கீகரிக்க முடியாது. அதனால் சான்றிதழ் ரத்து. வயது வரம்பைத் தளர்த்த மனுப் போடலாமா என்று சகாதேவன் கேட்டான். போடலாம், ஆனால் பறப்பில் இருப்பவரிடமிருந்து மனு வாங்க விதியில் இடமில்லை என்றார் அவர்.

"நான் உங்க எதிர்லதானே சார் உக்காந்துகினு இருக்கறேன்."

"எனக்குத் தெரியுது தம்பி. ஆனா வாரியக் கணக்குல நீங்க இன்னும் மேலதான் இருக்கறீங்க. எறங்கினதுக்கு அப்புறம் வந்து பாருங்க, என்னால ஆனதைச் செய்யறேன்."

சகாதேவன் டீயைக் குடித்து முடித்து, தம்ளரை ஓரமாக வைத்துவிட்டு வந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணமங்கலம் வந்தது, போளூர் வந்தது, போயிற்று. வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டிருந்தார்கள். காசியின் செருப்பு வாசலில் கிடந்தது. தம்பி வருகிறவரை இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார்.

என்ன சொன்னார்கள் என்று தனம் கேட்டாள்.

"எறங்கணுமாம்."

அவள் புரியாமல் புருஷனைப் பார்த்தாள், அப்புறம் மச்சாண்டாரைப் பார்த்தாள். காசி தலையைக் குனிந்துகொண்டு, நாளைக்குக் கொல்லை நிலத்தில் மணிலாவுக்குக் களை எடுக்க வேண்டும், ஆள் பற்றாது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். வருகிறேன் என்றான் சகாதேவன். தனம் உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

"எறங்கற வரைக்கும் சாப்பிடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. கை கழுவிட்டு வாங்க."